ஒரே நரம்பில் மூன்று முள்: குட்டையில் ஜிலேபியைக் குறைக்க உதவும் கிளை முடிச்சு

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்போர் பலருக்கும் உள்ள தலைவலி ஜிலேபி. விட்டது கட்லா, ரோகு, மிருகால். ஆறு மாதம் கழித்து வீச்சுவலை போட்டுப் பார்த்தால் வலை நிறைய விரல் நீள ஜிலேபி துள்ளுகிறது. கெண்டையோ விட்ட நாளில் இருந்து அரைப்பங்குகூட எட்டாமல் மெலிந்து கிடக்கிறது. போட்ட தவிடும் புண்ணாக்கும் யார் வயிற்றுக்குப் போனது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மீன் நம் ஊர்ச் சரக்கு அல்ல. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பகுதியைச் சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேகமாகப் பெருகும், எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் என்று பாராட்டி வரவேற்றார்கள். அதே மூன்று குணங்கள்தான் பிறகு வினையாக முடிந்தன. பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆண்டுக்குப் பல முறை முட்டையிடும். தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் சேதம் குறைவு. ஏரித் தண்ணீரையோ ஓடைத் தண்ணீரையோ குட்டைக்கு விடும்போது கூடவே நாலு குஞ்சு வந்துவிட்டால் போதும், அடுத்த பருவத்துக்குள் குட்டை அதனுடையது.

முழுத் தீர்வு குட்டையை வற்றவைத்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிட்டு, தண்ணீர் வரும் வாயில் நெருக்கமான சல்லடை வலை கட்டி, புதிதாகக் குஞ்சு விடுவதுதான். இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாதிப் பருவத்தில், அதுவும் கிணற்றுத் தண்ணீரை நம்பி நிரப்பிய குட்டையை, யாரும் வற்றவைக்க முடியாது. கோடையில் அந்தத் தண்ணீர்தான் தென்னைக்கும் பாக்குக்கும் உயிர். அடிக்கடி இழுவலை போட்டால் கூலி ஆகும். கெண்டைக்குச் செதில் உதிர்ந்து புண் வரும். தார்ப்பாய் விரித்த குட்டை என்றால் வலையின் ஈயக்குண்டே தார்ப்பாய்க்கு எமன்.

இந்த இடைக்காலத்துக்குத்தான் தூண்டில். ஒரு முள்ளோடு உட்கார்ந்தால் பொழுதுபோக்கு. ஒரே நரம்பில் மூன்று முள்ளைச் சிக்காமல் கட்டத் தெரிந்தால் அது வேலை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், வீட்டில் ஒருவர் இதற்கென்று ஒதுக்கினால், குட்டையில் தீனிக்குப் போட்டி போடும் வாய்கள் குறையும். வீட்டுக் குழம்புக்கும் ஆகும், மீந்தது கோழிக்கும் வாத்துக்கும் ஆகும்.

தூண்டிலில் அகப்படுவது பெரும்பாலும் ஆண் ஜிலேபியும் இளம் மீனும்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாயில் குஞ்சு வைத்திருக்கும் தாய்மீன் அந்த நாட்களில் இரையை அதிகம் தொடாது. ஆகவே தூண்டிலால் ஜிலேபியை ஒழிக்க முடியாது, குறைக்க முடியும். கெண்டை எல்லாம் உள்ளங்கை அளவைத் தாண்டிய பிறகு, அவற்றைவிடச் சிறிய விரால் குஞ்சு கொஞ்சம் விட்டால் ஜிலேபிக் குஞ்சுகளை அது பார்த்துக்கொள்ளும். தூண்டிலும் விராலும் சேர்ந்தால்தான் பலன் கண்ணுக்குத் தெரியும்.

நீலகிரியில் இருந்து ஒரு பாடம்

ஒரு நரம்பில் பல முள் கட்டுவது கடலோரத்துக்குப் புதிதல்ல. குமரிக் கடலோரத்தில் இறகும் நாரும் கட்டிய பல முள் தூண்டிலில் அயிலை போன்ற கூட்ட மீன்களைப் பிடிப்பார்கள். மலையிலும் இது உண்டு. அதன் கதை வேறு.

நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்கும் முயற்சியை 1863இலேயே மருத்துவரும் மீன் ஆய்வாளருமான பிரான்சிஸ் டே தொடங்கினார். அது கைகூடவில்லை. 1907 வாக்கில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. அதைப் பிடிக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது பூச்சித் தூண்டில். இரை கிடையாது, முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றி, ஈயைப் போலவோ தண்ணீர்ப் புழுவைப் போலவோ செய்து வீசுவார்கள். நரம்பின் நுனியில் ஒரு பூச்சி, அதற்கு மேலே கிளை நரம்புகளில் ஒன்றோ இரண்டோ. ஒன்று ஆழத்தில் போகும், ஒன்று நடுவில், ஒன்று மேலே தண்ணீரைத் தொட்டுக்கொண்டு போகும். மீன் இன்று எந்த ஆழத்தில் மேய்கிறது, எந்த நிறத்தை விரும்புகிறது என்பதை ஒரே வீச்சில் தெரிந்துகொள்ளும் தந்திரம் இது.

டிரவுட் குளிர்நீர் மீன். நம் சமவெளியின் வெயிலில் அது ஒரு நாள் தாங்காது. மீன் வேண்டாம், அந்த முடிச்சு நமக்கு வேண்டும். ஏனெனில் பல முள் தூண்டிலில் பிழை வருவது முள்ளில் அல்ல, நரம்பிலும் அல்ல. கிளை பிரியும் அந்த முடிச்சில்தான்.

கயிற்று முடிச்சு நரம்பில் நிற்காது

மாட்டுக்குப் பிடிகயிறு போடவும், வாழைக்கு முட்டுக் கட்டவும், வைக்கோல் வண்டிக்குப் பாரக்கயிறு இழுக்கவும் தெரிந்த கைக்கு முடிச்சு சொல்லித்தர வேண்டியதில்லை என்று தோன்றும். இளம்பிள்ளை, குமாரபாளையம் பக்கம் பாவு பிணைக்கும் விரல்களுக்கோ கேட்கவே வேண்டாம். ஆனால் தேங்காய்நார்க் கயிறும் பருத்தி இழையும் சொரசொரப்பானவை, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தங்கூஸ் நரம்பு கண்ணாடி போல வழுக்கும். உருவாஞ்சுருக்கும் ஒற்றை முடிச்சும் கயிற்றில் எத்தனை நம்பகமோ, நரம்பில் அத்தனை ஆபத்து. ஒன்று நழுவிவிடும், இல்லை, நரம்பு தன்னைத்தானே குறுக்கே அழுத்தி அந்த இடத்தில் வெட்டிக்கொள்ளும். நரம்பின் நடுவே சும்மா விழும் ஒற்றை முடிச்சுகூட அதன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். தூண்டிலைச் சுருட்டும்போது காற்றில் தானாக விழுந்த முடிச்சைக் கண்டால், அவிழ்க்க மெனக்கெடாமல் அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டும்.

நரம்பு முடிச்சுக்கு விதி இரண்டு. முதலாவது, சுற்றுகள் பலவாக இருக்க வேண்டும். இழுப்பு ஒரே இடத்தில் விழாமல் பல சுற்றுகளில் பகிர்ந்து நிற்கும். இரண்டாவது, இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் வெந்து வெளுத்துப்போகும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் பலம் போயிருக்கும். மெல்ல, ஒரே சீராக, இரு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும்.

எல்லோரும் கற்க வேண்டிய மும்முறை முடிச்சு

அறுவை மருத்துவர்கள் தையலில் போடும் முடிச்சின் சாயல் இருப்பதால் வெளிநாட்டில் இதற்கு மருத்துவர் முடிச்சு என்று பெயர். கற்க ஐந்து நிமிடம் போதும். மாலை இருட்டிலும் கை தடவிக் கட்டலாம்.

கழியில் இருந்து வரும் நரம்பைத் தாய் நரம்பு என்று வைத்துக்கொள்வோம். தனியாக 80 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டும், 60 செ.மீ. நீளத்தில் இன்னொரு துண்டும் வெட்டி வையுங்கள். முதலில் 80 செ.மீ. துண்டு. தாய் நரம்பின் நுனியும் துண்டின் நுனியும் எதிரெதிராகப் பார்க்கும்படி, இரண்டையும் சுமார் 25 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்றாகப் பக்கவாட்டில் வையுங்கள். இரண்டு நரம்பையும் ஒரே நரம்பு போலச் சேர்த்துப் பிடித்து ஒரு வளையம் போடுங்கள். துண்டின் மேல் நுனிக்குப் பக்கத்தில், அதில் இருந்து நாலு விரல்கடை தள்ளி வளையம் விழ வேண்டும். இப்போது தாய் நரம்பின் வாலையும் துண்டு முழுவதையும் சேர்த்து அந்த வளையத்துக்குள் மூன்று முறை நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு, நான்கு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தால் சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் படிந்து இறுகும்.

இப்போது முடிச்சில் இருந்து இரண்டு வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மேல்நோக்கி நிற்பது துண்டின் வால். கீழ்நோக்கி நிற்பது தாய் நரம்பின் வால். மேல்நோக்கி நிற்பதை ஒட்ட வெட்டிவிட வேண்டும். கீழ்நோக்கி நிற்பதுதான் கிளை. அதில்தான் முள் கட்ட வேண்டும்.

இதை மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். காரணம் தெரிந்தால் மறக்காது. கீழ்நோக்கி நிற்கும் வால் தாய் நரம்பின் தொடர்ச்சி, இடையில் வெட்டு இல்லாத ஒரே நரம்பு. அதில் மீன் மாட்டி இழுத்தால் இழுப்பு நேராகக் கழிக்குப் போய்விடும். முடிச்சே தளர்ந்தாலும் போவது கீழ்த்துண்டுதான். கிளையில் மாட்டிய மீன் போகாது. மேல்நோக்கி நிற்கும் வாலில் முள் கட்டினால், மீன் இழுக்கும்போது அந்த வால் முடிச்சின் கழுத்தில் மடங்கித் திரும்பி, முடிச்சைப் பிரிக்கிற திசையில் இழுக்கும். அத்தோடு மேல்நோக்கிய கிளை தாய் நரம்பிலேயே சுற்றிக்கொள்ளும்.

80 செ.மீ. துண்டின் கீழ் நுனியில் இதே முறையில் 60 செ.மீ. துண்டைச் சேர்த்தால் இரண்டாவது கிளை. கடைசித் துண்டின் நுனியில் மூன்றாவது முள். தக்கை மேலே தாய் நரம்பில்.

கிளை எத்தனை நீளம் என்பதில் பேராசை கூடாது. 10 முதல் 15 செ.மீ. போதும். இரண்டு கிளைகள் ஒன்றையொன்று நோக்கி நீண்டாலும் முள்ளோடு முள் தொடக்கூடாது என்பதுதான் கணக்கு. கிளை 15 செ.மீ. என்றால், இரண்டு சேர்ந்து 30. எனவே முள்ளுக்கு முள் 40 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும். இந்தக் கணக்கை விட்டுவிட்டு நெருக்கிக் கட்டினால், முதல் மீன் துள்ளியதும் மூன்று முள்ளும் குருவிக்கூடு ஆகிவிடும். கிளைக்கு மெல்லிய நரம்பு வேண்டாம். மெல்லியது நனைந்ததும் தாய் நரம்போடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் விறைப்பான நரம்பு விலகி நிற்கும். மும்முறை முடிச்சில் தாய் நரம்பே கிளையாக வருவதால் இந்த விறைப்பு தானாகக் கிடைத்துவிடுகிறது.

வேறு மூன்று வழிகள்

பீப்பாய் முடிச்சு என்று ஒன்று உண்டு. இரண்டு நரம்பின் நுனிகளையும் எதிரெதிராக வைத்து, ஒன்றை மற்றதன்மேல் ஐந்து சுற்று சுற்றி நடுவில் கொண்டுவந்து நுழைத்து, மற்றதையும் அப்படியே ஐந்து சுற்று சுற்றி அதே நடு இடைவெளியில் எதிர்த்திசையில் நுழைத்து இறுக்குவது. வால் இரண்டும் செங்குத்தாக வெளியே நிற்கும் என்பதால் கிளை சிக்குவது மிகக் குறைவு. ஆனால் இரண்டு நரம்பும் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்க வேண்டும். பொறுமையும் வேண்டும். மாலைக் கொசுக்கடியில் உட்கார்ந்து கட்டும் முடிச்சு அல்ல. வீட்டில் விளக்கடியில் கட்டி எடுத்துப் போகலாம்.

நரம்பை வெட்டாமலே நடுவில் கிளை எடுப்பது கண்ணி முடிச்சு. நரம்பின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையம் போட்டு, நரம்பு குறுக்கே கடக்கும் இடத்தில் ஒரு பக்க நரம்பை வளையத்துக்குள் விட்டு விட்டு எடுத்து ஆறு சுற்று முறுக்க வேண்டும். முறுக்கின் நடுவே, பக்கத்துக்கு மூன்று சுற்று வரும்படி, ஒரு விளக்குமாற்று ஈர்க்கைச் செருகி இடைவெளி மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வளையத்தின் எதிர்ப்பக்கத்தை அந்த இடைவெளி வழியே இழுத்து, ஈர்க்கை எடுத்துவிட்டு, வந்த கண்ணியைப் பல்லில் கவ்விக்கொண்டு இரு பக்கமும் நரம்பை இழுத்து இறுக்கினால், கண்ணி தாய் நரம்புக்குச் செங்குத்தாக விறைத்து நிற்கும். அந்தக் கண்ணியை முள்ளின் கண்ணுக்குள் நுழைத்து முள்ளையே சுற்றிப் போட்டால் முள் மாட்டியாயிற்று. முள் மழுங்கினால் வெட்டாமல் மாற்றலாம் என்பது இதன் வசதி. தாய் நரம்பின் பலம் கொஞ்சம் குறையும் என்பது குறை. ஆகவே தடித்த நரம்புக்குத்தான் இது.

மூன்றாவது சோம்பேறி வழி. முதல் முள்ளின் வளைவிலேயே அடுத்த நரம்பைக் கட்டி, அதன் நுனியில் இரண்டாவது முள். நியூசிலாந்தில் டிரவுட் பிடிப்பவர்களிடம் பரவலாக இருக்கும் முறை. அரை நிமிடத்தில் கட்டலாம், சிக்கலே வராது. ஆனால் மேல் முள்ளின் வாய் நரம்பால் அடைபடுவதால் அதில் மீன் குத்துவது குறையும். இரையாக மண்புழு கோத்தால் நரம்பு இன்னும் இடைஞ்சல். நம் வேலைக்கு இது அவ்வளவாக ஒத்துவராது என்பதே என் எண்ணம்.

முள்ளில் கண் இல்லை என்றால்

மேலே சொன்ன எல்லாம் கண் உள்ள முள்ளுக்கு. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் முள்ளில் பல, கண்ணுக்குப் பதிலாகத் தலை தட்டையாக அடிக்கப்பட்டவை. அதற்குத் தண்டில் சுற்றிக் கட்டுவதுதான் சரி. நரம்பின் நுனியை மடித்து முள்ளின் தண்டோடு நீளவாக்கில் ஒரு கண்ணியாக வைத்து, வாலால் தண்டையும் கண்ணியையும் சேர்த்து ஆறேழு சுற்று நெருக்கமாகச் சுற்றி, வாலைக் கண்ணிக்குள் விட்டு, நனைத்து, மேலே இழுத்தால் சுற்றுகள் தட்டைத் தலையில் போய் முட்டி நிற்கும். நரம்பு தட்டைத் தலையின் உள்பக்கமாக, அதாவது முள்ளின் கூர் பார்க்கும் பக்கமாக, வெளியேற வேண்டும். பின்பக்கமாக வெளியேறினால் தட்டையின் விளிம்பு நரம்பை அறுத்துவிடும். முள்ளும் சரியான கோணத்தில் குத்தாது.

கண் உள்ள முள்ளுக்கு: கண்ணில் நுழைத்து, நரம்பின்மேலேயே ஐந்து சுற்று சுற்றி, வாலைக் கண்ணுக்கு அருகே உள்ள சிறு வளையத்தில் விட்டு, அதனால் உண்டாகும் பெரிய வளையத்திலும் ஒரு முறை விட்டு இறுக்குவது போதும்.

ஜிலேபிக்கு 10 அல்லது 12ஆம் எண் முள். எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதைக் கடையில் கேட்கும்போது நினைவில் வைக்கவும்.

வாளிச் சோதனை

கட்டிய முடிச்சு நிற்குமா என்று மீன் வந்து சொல்லக் காத்திருக்க வேண்டாம். தாய் நரம்பை வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். முள் கட்டும் கிளை நரம்பில் ஒரு வாளியை மாட்டுங்கள். வாளி தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்க வேண்டும், அறுந்தால் கால் தப்பும். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதோடு வாளியின் எடை. நரம்புச் சுருளின்மேல் 5 கிலோ என்று அச்சிட்டிருந்து, முடிச்சு 4 கிலோ தாங்கினால் நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள். 3 கிலோவில் போனால் மறுபடி கட்டிப் பழக வேண்டும்.

அறுந்த நுனியையும் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. சுற்று போதவில்லை அல்லது சரியாக இறுக்கவில்லை. சுருளாமல் முடிச்சின் கழுத்தில் வெட்டுப்பட்டது போல அறுந்திருந்தால் நனைக்காமல் இழுத்திருக்கிறீர்கள் அல்லது சுற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. நரம்பே பழையதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் அறும். வெயிலில் கிடந்த நைலான் நாளாக நாளாகப் பலமிழக்கும். மோட்டார் கொட்டகைக் கூரையில் செருகி வைத்த போன வருட நரம்பை நம்பக்கூடாது.

இரையும் இறகும்

ஜிலேபி கரையோர ஆழமில்லாத இடத்தில் தட்டு போலப் பள்ளம் பறித்துக் கூடு வைக்கும். ஆண்மீன் அதைக் காவல் காக்கும். அந்த இடங்கள்தான் நம் இலக்கு. அடிமண்ணில் முள் கிடந்தால் மிருகாலும் சாதாக் கெண்டையும் மண்புழுவைத் தொட்டுவிடும். எனவே கடைசி முள்ளும் தரையில் படாமல் ஒரு சாண் மேலே நிற்கும்படி தக்கையை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். தப்பித்தவறிக் கெண்டை மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்து விட்டுவிடலாம். காய்ந்த கை மீனின் மேல் உள்ள வழவழப்பை உரித்துவிடும். பிறகு பூஞ்சாணம் வரும்.

மண்புழுவைச் சிறு துண்டாக, முள்ளின் கூர் மட்டும் மறையும் அளவுக்குக் கோத்தால் போதும். மூன்று முள்ளில் எது அடிக்கடி மீன் கொடுக்கிறது என்று பத்து நிமிடம் கவனியுங்கள். மேல் முள்ளில்தான் வருகிறது என்றால் தக்கையைக் கீழே இறக்கி மூன்றையும் மேலே கொண்டுவரலாம். நீலகிரிக்காரர்களின் தந்திரம் இங்கே தண்ணீர்க் குட்டையிலும் செல்லும்.

இரை கோத்துக் கோத்து அலுத்தவர்கள் இறகையும் முயலலாம். நாட்டுச் சேவலின் கழுத்து இறகு, பூச்சி கட்டுவோர் தேடும் சரக்கு. இந்திய நாட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல் வெளிநாட்டுக்குப் போகிற பொருள். முள்ளின் தண்டில் ஒரு கழுத்து இறகைச் சுற்றிச் சிவப்புப் பட்டு நூலால் கட்டினால் போதும். மேல் கிளையில் இறகு, கீழ் இரண்டில் மண்புழு என்று கட்டிப் பார்க்கலாம். நாமக்கல்லில் கோழி இறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நோய் கண்ட பண்ணையின் இறகைத் தொட வேண்டாம். இறகோடு நோயும் உங்கள் கொல்லைக் கோழிக்கு வந்து சேரும்.

மாட்டு வயிற்றுக்குப் போகக்கூடாது

மூன்று முள் என்றால் ஆபத்தும் மூன்று மடங்கு. ஒரு முள்ளில் மீன் துடிக்கும்போது மற்ற இரண்டும் காற்றில் ஆடும். மீனைக் கழற்றும் முன் தாய் நரம்பைப் பிடித்து, சும்மா இருக்கும் முட்களைத் தக்கைத் துண்டிலோ நெட்டியிலோ குத்தி வைக்க வேண்டும். முள்ளின் உள்செதிலைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனில் இருந்தும் சரி, விரலில் இருந்தும் சரி, எளிதாக வரும். விரலில் ஆழமாக ஏறினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்து, தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். கழியில் மூன்று முள்ளுக்கு மேல் கட்டுவது வீண். நான்காவது முள் மீனுக்கு அல்ல, உங்களுக்குத்தான்.

தார்ப்பாய் விரித்த குட்டையில் முள் தார்ப்பாயில் மாட்டினால் இழுத்துப் பிய்க்காதீர்கள். நரம்பைத் தளர்த்தி, எதிர்ப்பக்கக் கரையில் இருந்து மெல்ல இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். ஒரு சிறு கிழிசல் போதும், கோடையில் தண்ணீர் மட்டம் ஏன் இறங்குகிறது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். தார்ப்பாய்க் குட்டையில் நுனியில் ஈயக்குண்டு கட்டாமல் தக்கைக்குக் கீழேயே சிறு ஈயம் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, கரையில் விட்டுப்போகும் துண்டு நரம்பும் உடைந்த முள்ளும். நைலான் மட்காது. குட்டைக் கரைப் புல்லில்தான் நம் ஆடும் மாடும் மேய்கின்றன. புல்லோடு முள்ளை விழுங்கிய மாடு தீனி எடுக்காது, வயிறு உப்பும், முதுகு வளையும். ஆணி, கம்பி விழுங்கிய மாட்டுக்கு வரும் அதே வேதனை. இரைப்பையைக் குத்திக்கொண்டு இதயம்வரை போவதும் உண்டு. கறவை மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் முள்ளின் விலை என்ன? இரை கோத்த தூண்டிலைக் கரையில் சாத்திவிட்டு டீ குடிக்கப் போவதும் கூடாது. வாத்துக்கும் நாய்க்கும் மண்புழு என்றால் ஆசை. எத்தனை முள் கொண்டுபோனோமோ அத்தனையும் எண்ணித் திரும்ப எடுத்து வர வேண்டும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்தில் இருந்து கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு விடுமுறையில் தூண்டிலோடு வரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2010 முதல் ஊர்மக்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவே மண் தீவுகள் அமைத்து மரம் வளர்த்த ஏரி அது. கொக்கும் நீர்க்காகமும் வந்து தங்கும் இடம். கிளையில் தொங்கும் ஒரு முழ நரம்பு ஒரு பறவையின் காலுக்கோ சிறகுக்கோ போதும்.

சொந்தக் குட்டைக்கு வெளியே

உங்கள் குட்டையில் நீங்கள் ராஜா. ஏரி, குளம், அணை என்று வந்தால் அப்படியல்ல. பல ஏரிகளின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் வழக்குதான். மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் 1934இல் அணை நிறைவடைந்த காலத்துக்குப் பிறகு உருவான மீனவர் வாழ்வு இன்றும் அந்த மீனை நம்பித்தான் இருக்கிறது. அங்கே உரிமம் உள்ளவர்களுக்குத்தான் பிடிக்கும் உரிமை. வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். சொந்தக் குட்டையிலும் நஞ்சு கலந்து ஜிலேபியைக் கொல்ல நினைப்பவர்கள், அதே தண்ணீர் எங்கே பாய்கிறது என்று யோசித்துக்கொள்ளவும்.

காவிரியில் தூண்டில் போடும் உரிமம் உள்ளவர்கள் ஒரு மீனை மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய செதிலும் தடித்த உதடும் முதுகில் திமிலும் உள்ள மகசீர். காவிரிப் படுகையில் மட்டுமே உள்ள இந்த இனம், 2018இல்தான் அறிவியல் பெயர் உறுதிசெய்யப்பட்டு, அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. மாட்டினால் தண்ணீரில் இருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றி விட வேண்டும். உள்செதில் நசுக்கிய முள் இங்கேயும் கைகொடுக்கும்.

வேலை முடிந்ததும் கட்டிய தூண்டிலை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அரையடி நீளப் பி.வி.சி. குழாய்த் துண்டில் சுற்றி வையுங்கள். குழாயின் விளிம்பில் மூன்று இடத்தில் ரம்பத்தால் சிறு கீறல் போட்டால் மூன்று முள்ளும் அதில் அமரும். அடுத்த நாள் சிக்கெடுக்கும் வேலை மிச்சம். இப்படி ஐந்தாறு செட் கட்டி வைத்துக்கொண்டால், ஒன்று அறுந்தால் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். குழாயின்மேல் நரம்பின் தடிமனையும் கட்டிய மாதத்தையும் எழுதி வைக்கவும். மூன்று மாதம் தாண்டிய செட்டை மறுபடி வாளிச் சோதனை செய்யாமல் தண்ணீரில் போட வேண்டாம்.